கழுத்தைத் திருப்புவதா, உடம்பைத் திருப்புவதா? சிறிய செயற்கைக்கோளின் ஆன்டெனாவுக்கு எந்தப் பொறி

என் தங்கை மகள் மொரீஷியஸின் ரெதுயியில் பொறியியல் படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டு வராந்தாவுக்கு வந்து நான்கு வரைபடங்களைத் தரையில் பரப்பினாள். அவளும் கூடப் படிக்கும் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு சிறிய செயற்கைக்கோளுக்குத் திட்டம் எழுதுகிறார்கள். ரொட்ரிக்ஸ், அகலேகா, செயின்ட் பிராண்டன் தீவுகளில் இருக்கும் கடல்மட்ட, வானிலைக் கருவிகளின் அளவுகளை அது சேகரிக்க வேண்டும். பவளப்பாறைகளைப் படமும் எடுக்க வேண்டும். மொரீஷியஸ் மேலே கடக்கும்போது எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். பெட்டியின் அளவு 10க்கு 20க்கு 30 சென்டிமீட்டர். எடை 12 கிலோவைத் தாண்டக் கூடாது. உயரம் சுமார் 500 கிலோமீட்டர்.

"மாமா, எல்லாம் முடிவாயிடுச்சு. ஆன்டெனா மட்டும்தான் பாக்கி. நாலுல எதுன்னு நீங்க சொல்லுங்க" என்றாள்.

நான்கு வரைபடங்களில் மிக அழகாக இருந்தது குடை போல விரியும் டிஷ். இரண்டு மோட்டார்களின் மேல் உட்கார்ந்து எந்தப் பக்கமும் திரும்பும். பிள்ளைகள் மனதுக்குள் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. நான் இருபத்தைந்து வருடமாகத் தரையில் நிற்கும் டிஷ்களுக்கு மோட்டார் மாற்றி, கியருக்கு கிரீஸ் வைத்து வாழ்ந்தவன். புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் ஏணியோடு போய் நிற்கிற ஆள். விண்வெளியில் ஏணி போட முடியாது. அதனால் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு வாரம் யோசித்த பிறகு அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இதே முடிவின் முன்னால் வேறு பிள்ளைகளும் நிற்கலாம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆன்டெனா விரிவது ஒரு வேலை, அது குறிபார்த்து நிற்பது இன்னொரு வேலை. முதலாவது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நடப்பது. ராக்கெட்டின் மூக்குக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக மடித்து வைத்ததை மேலே போய்ப் பிரிக்கிறோம், அவ்வளவுதான். இரண்டாவது தினமும் நடப்பது. பிள்ளைகளின் வரைபடத்தில் இரண்டும் ஒரே பொறியாகப் பின்னிக்கிடந்தன. விரியாவிட்டால் திரும்பாது, திரும்பாவிட்டால் விரிந்தும் பயனில்லை. தனித்தனியாகக் கேட்டால் தனித்தனியாகப் பதில் கிடைக்கும்.

குறி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. பூமியோடு சேர்ந்து சுற்றும் பெரிய தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கே ஆன்டெனா பத்தில் ஒரு பாகை விலகினால், நேர் கீழே தரையில் அது வீசும் அலைக் கற்றையின் நடுப்புள்ளி 62 கிலோமீட்டர் தள்ளிப்போகும். நம் தீவின் நீளமே ஏறக்குறைய 65 கிலோமீட்டர். வடக்கு முனையில் காப் மலெரேவைப் பார்த்து வைத்த குறி, தெற்கே சூயாக் கடற்கரையைத் தாண்டிக் கடலில் விழும். அதனால்தான் அந்தப் பெரியவற்றில், டிஷ்ஷை விரிக்கும் மோட்டாரே பிறகு சிறு சிறு அடியாக அதைத் திருத்தவும் செய்கிறது. ஒரு சுற்றை 200 அடியாகப் பிரிக்கும் ஸ்டெப்பர் மோட்டாருக்கு நூறுக்கு ஒன்று கியர் பூட்டினால், ஓர் அடிக்கு 0.018 பாகை. பத்தில் ஒரு பாகையைச் சரிசெய்ய ஐந்தாறு அடி போதும். வெயில் ஏற ஏற டிஷ்ஷும் அதைத் தாங்கும் கையும் நெளியும், அதற்கும் இந்தத் திருத்தம் உதவும்.

நம் பெட்டி 500 கிலோமீட்டரில் இருக்கிறது. இங்கே சிக்கல் வேறு மாதிரி. நொடிக்கு 7.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அடிவானத்திலிருந்து அடிவானத்துக்குப் பத்துப் பதினோரு நிமிடத்தில் கடந்துவிடும். தலைக்கு நேர் மேலே வரும்போது ஆன்டெனா நொடிக்கு 0.87 பாகை திரும்பினால்தான் நம் தரை நிலையத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியும். ஒரு கடப்பில் மொத்தம் 130 பாகைக்கும் மேல் திரும்ப வேண்டும். ஒரு நாளைக்கு நான்கைந்து கடப்பு என்றால் வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டும்.

சரி, விரிப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

மிக எளிய வழி தச்சர் கையில் இருக்கும் எஃகு அளவு நாடா. அதன் குறுக்கே லேசான வளைவு இருப்பதால் நீட்டினால் விறைப்பாக நிற்கும், மடக்கினால் மடங்கும், விட்டால் தானே நிமிரும். மோட்டாரும் வேண்டாம், கீலும் வேண்டாம். உலோகமே ஸ்பிரிங். 437 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 17 சென்டிமீட்டர். நான்கு நாடாத் துண்டுகளைப் பெட்டியைச் சுற்றி மடித்து, ஒரு நூலால் கட்டி, மேலே போனதும் நூலை அறுத்தால் போதும். தீவுக் கருவிகளிடமிருந்து அளவுகளைச் சேகரிக்க இது தாராளம். ஒரு கடல்மட்டமானி ஒரு நாளில் சொல்வது சில கிலோபைட்தான்.

படங்களை இறக்க அது போதாது. அங்கேதான் பிள்ளைகளுக்குக் குடை ஆசை வந்தது. ஆசைப்படுவதில் தவறில்லை. குடை டிஷ்களின் வரலாறு அப்படிப்பட்டது. 1974 மே 30 அன்று அமெரிக்கா ஏவிய ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளில் 9.1 மீட்டர் டிஷ் இருந்தது. அதன் அலுமினிய விலாக்களை நடு அச்சைச் சுற்றிப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி வைத்திருந்தார்கள். கட்டை அறுத்ததும் சில நொடிகளில் விரிந்தது. 1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருடம் அதே டிஷ்தான் இந்தியாவில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சியைக் காட்டியது. மேலே அவ்வளவு பெரிய டிஷ் இருந்ததால்தான், கீழே கோழிக்கூட்டு வலையில் செய்த மூன்று மீட்டர் ஆன்டெனா ஒரு கிராமத்துக்குப் போதுமானதாக இருந்தது. பின்னாளில் இஸ்ரோ 2015 ஆகஸ்டில் ஏவிய ஜிசாட்-6இல் 6 மீட்டர் விரியும் டிஷ் வைத்தது. ஜப்பானின் கிக்கு-8இல் 19க்கு 17 மீட்டரில் இரண்டு. சிறிய பெட்டியிலும் முடியும் என்று 2018இல் நாசாவின் ரெயின்கியூப் காட்டியது. நம் பெட்டி அளவேயான அதில் அரை மீட்டர் குடை விரிந்து வேலை செய்தது.

அதே வரலாற்றில் 1991 ஏப்ரலும் இருக்கிறது. வியாழனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கலிலியோ விண்கலம் தன் 4.8 மீட்டர் குடையை விரிக்க முயன்றது அந்த மாதம்தான். பதினெட்டு விலாக்களில் சில நடுக் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. வெயிலில் காட்டிச் சூடாக்கினார்கள், நிழலில் திருப்பிக் குளிர வைத்தார்கள், மோட்டாரை விட்டு விட்டு ஓட்டித் தட்டிப் பார்த்தார்கள். எதுவும் பலிக்கவில்லை. நொடிக்கு 134 கிலோபிட் அனுப்ப வேண்டிய கலம், சிறிய ஆன்டெனா வழியாக, மென்பொருளை எல்லாம் மாற்றிய பிறகும் அதிகபட்சம் 160 பிட்தான் அனுப்பியது.

காரணத்தைக் கேளுங்கள், இதில்தான் நமக்கு வேலை இருக்கிறது. அந்தக் குடையின் அமைப்பு புதிதல்ல. டிடிஆர்எஸ் தொடர்புச் செயற்கைக்கோள்களில் 1983 முதல் ஒழுங்காக விரிந்த வகைதான். ஆனால் சேலஞ்சர் விண்ணோட விபத்துக்குப் பிறகு ஏவுதல் தள்ளிப்போக, கலிலியோ கலிபோர்னியாவுக்கும் புளோரிடாவுக்கும் இடையே லாரியில் போய் வந்தது, வருடக்கணக்கில் மடித்தபடியே கிடந்தது. அந்தக் குலுக்கலில் விலாக்களைப் பிடித்திருந்த ஊசிகளின் மேலிருந்த உலர் மசகு தேய்ந்துபோனது என்பதுதான் ஆய்வாளர்கள் வந்து சேர்ந்த முடிவு. பொறி அதேதான், அது வந்த வழி வேறு. நம் பெட்டியும் எங்கோ ஒரு நாட்டில் ஏவப்பட வேண்டியது. இங்கிருந்து விமானத்தில் போய், கிடங்கில் காத்திருந்து, மாதக்கணக்கில் மடிந்தே கிடக்கும்.

அதே 1991 ஏப்ரலில் கனடாவின் அனிக் ஈ2 தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளிலும் ஓர் ஆன்டெனா விரியாமல் நின்றது. அதற்கு அதிர்ஷ்டம் இருந்தது. செயற்கைக்கோளையே சுழற்றி, உதறி, சுமார் மூன்று மாதத்துக்குப் பிறகு விடுவித்தார்கள். அதில் சிக்கியது கீலில் திரும்பும் ஒரு டிஷ். ஓர் இடத்தில் பிடித்தது, உதறினால் விடுபட்டது. பதினெட்டு விலாவில் மூன்று நான்கு ஒட்டிக்கொண்டால் எதை உதறுவது? அசையும் மூட்டு எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எந்த வரைபடத்தையும் நான் மதிப்பேன். இது பழங்கதை என்றும் தள்ள முடியாது. 2023இல் ஏவிய முதல் வயாசாட்-3 செயற்கைக்கோளின் பெரிய டிஷ் சரியாக விரியாததால், திட்டமிட்ட கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேறவில்லை.

ஜப்பானியர் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். கிக்கு-8இன் பெரிய ஆன்டெனாக்களுக்கு முன்னோட்டமாக ஒரு சிறிய மாதிரியை 2000 டிசம்பரில் விண்வெளிக்கு அனுப்பினார்கள். அது முழுதாக விரியவில்லை. அமைப்பைத் திருத்தி, 2006 அக்டோபரில் இன்னொரு மாதிரியை அனுப்பி, அது விரிந்ததைப் பார்த்த பிறகே அதே வருடம் டிசம்பர் 18 அன்று பெரியதை ஏவினார்கள். இரண்டும் விரிந்தன. அப்படி இரண்டு தடவை மேலே அனுப்பிப் பார்க்கும் வசதி நமக்கு இல்லை. நம் சோதனையெல்லாம் தரையில்தான் நடக்க வேண்டும். குடையைத் தரையில் சோதிப்பது கடினம். புவியீர்ப்பு விலாக்களைக் கீழே இழுக்கும். அதைச் சமன்செய்ய மேலிருந்து கயிறும் கப்பியும் கட்ட வேண்டும், சில இடங்களில் ஹீலியம் பலூன் கட்டுகிறார்கள். அப்போது சோதிக்கப்படுவது குடையா, கயிறா என்ற சந்தேகம் கடைசி வரை போகாது.

இன்னொரு வரைபடத்தில் ஒரு தட்டைப் பலகை இருந்தது. பெட்டியின் 20க்கு 30 சென்டிமீட்டர் பக்கத்தில் ஒட்டி மடிந்திருக்கும், ஒரு விளிம்பில் இரண்டு ஸ்பிரிங் கீல்கள். விட்டால் கதவு திறப்பதுபோலத் திறந்து தாழ்ப்பாள் விழும். ஒரு முகத்தில் சூரியத் தகடு, மறுமுகத்தில் அச்சிட்ட ஆன்டெனா. பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, பிள்ளைகள் இதைக் கடைசியில் வைத்திருந்தார்கள். ஆனால் 2018இல் செவ்வாய்க்குப் போன இரண்டு மார்கோ பெட்டிகள், நம் பெட்டியைப் போன்றவைதான், இப்படிக் கீலில் திறக்கும் தட்டைப் பலகை ஆன்டெனாவால்தான் நவம்பர் 26 அன்று இன்சைட் விண்கலம் தரையிறங்கிய செய்தியை அங்கிருந்து பூமிக்கு அனுப்பின. செவ்வாயிலிருந்து பேச முடிந்தது 500 கிலோமீட்டரிலிருந்து முடியாதா?

கீலைத் தேர்ந்தால் அதைக் கட்டிவைத்து விடுவிப்பது எப்படி என்ற கேள்வி வரும். பெரிய செயற்கைக்கோள்களில் வெடிமருந்து ஆணியால் அறுப்பது பழைய வழக்கம். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அறுத்துவிடும், ஆனால் அதிர்ச்சி பெரிது. அதைவிட, சோதித்த ஆணி வேறு, பறக்கும் ஆணி வேறு. அந்த ஒன்றைச் சோதித்தால் அது தீர்ந்துபோகும். நம் வகைச் சிறிய பெட்டிகளுக்கான பொது விதிமுறையில் வெடிமருந்து கூடாது என்பதால் அதைத் தாண்டிப் போகிறேன். சூடாக்கினால் மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ளும் பொறி ஒன்று உண்டு. மென்மையானது, திரும்பத் திரும்பப் பயன்படும், ஆனால் மெதுவானது, இடம் பிடிக்கும். சூடேறினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் உலோகக் கலவையால் ஒரு போல்ட்டை இழுத்து முறிக்கும் வழியும் உண்டு. நம்பகமானதுதான், ஆனால் ஒரு தூண்டில் நூலும் ஒரு ரெசிஸ்டரும் போதும் என்ற இடத்தில் அதன் விலையை நான் கொடுக்க மாட்டேன்.

தூண்டில் நூல் என்று சொன்னது உவமைக்காக அல்ல. உண்மையாகவே அதுதான். நூல் சிறு ரெசிஸ்டரின் மேல் படிந்து கிடக்கும், மின்சாரம் விட்டால் ரெசிஸ்டர் சுட்டு நூல் உருகி அறும். இந்த வரைபடங்களுக்கு முன்பே நாடா ஆன்டெனாவுக்கு நாங்கள் செய்துபார்த்த முதல் மாதிரிக்கு நான்தான் மாஏபூரில் ஒரு கடையில் நைலான் நூல் வாங்கினேன். டிசம்பரில் கட்டினோம், அழகாக அறுந்தது. மறுபடி கட்டி அலமாரியில் வைத்துவிட்டு பிப்ரவரி கடைசியில் எடுத்தோம். மின்சாரம் விட்டோம், ரெசிஸ்டர் சிவந்தது, நூல் அறவில்லை. ஒரு நாடா பாதி எழுந்து அப்படியே நின்றது. தங்கை மகள் முகம் வாடியது இன்னும் கண்ணில் இருக்கிறது.

தவறு என்னுடையது. நைலான் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் நீளும். நம் ஊர் பிப்ரவரியில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். இரண்டு மாத இழுவையில் நூல் தொய்ந்து, ரெசிஸ்டரை விட்டு ஒரு முடியளவு விலகியிருந்தது. உருகினாலும் இழுக்க ஆளில்லாததால் மென்மையாகி அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு பின்னிய பாலிஎத்திலீன் தூண்டில் நூலுக்கு மாறினோம். அது ஈரம் குடிக்காது, 150 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். நைலானுக்கு 200க்கும் மேல் வேண்டும். நூலின் ஒரு முனையில் சிறிய ஸ்பிரிங் வைத்து இழுவை எப்போதும் இருக்கும்படி செய்தோம். ஒரே நூலை இரண்டு ரெசிஸ்டர்கள் தொடும், இரண்டுக்கும் தனித்தனி மின்சுற்று. ஒன்று போனாலும் இன்னொன்று அறுக்கும். அதற்குப் பிறகு முப்பது தடவைக்கு மேல் அறுத்திருக்கிறோம், ஒரு தடவையும் ஏமாற்றவில்லை. இந்த வழியின் பெரிய பலமே அதுதான். சோதித்து முடித்ததும் பத்து ரூபாய் நூலை மாற்றினால் பொறி புதிதாகிவிடும்.

இனி, குறிபார்ப்பது. இங்கே இரண்டு கட்சி. ஆன்டெனாவை மட்டும் மோட்டாரால் திருப்புவது ஒன்று, ஆன்டெனாவைப் பெட்டியோடு இறுகப் பூட்டிவிட்டுப் பெட்டியையே திருப்புவது மற்றொன்று. தைப்பூசத்தன்று கோர் த கார்த் மலைக் கோயிலுக்கு ஏறும் காவடிகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தோளில் காவடி, நாவில் அலகு. பக்கத்தில் யாரையாவது பார்க்க வேண்டுமானால் அவரால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாது, உடம்போடுதான் திரும்புவார். காவடி ஆடாமல் இருப்பதும் அதனால்தான்.

கழுத்தைத் திருப்பும் பொறி கிம்பல். இரண்டு அச்சு, இரண்டு மோட்டார், இரண்டு கியர், பேரிங்குகள், கோணம் சொல்லும் கருவி, திரும்பும்போது முறுகாமல் மின்சாரத்தையும் அலையையும் கடத்தும் கேபிள், ராக்கெட் குலுக்கலில் இவை உடையாதபடி இறுக்கிப் பிடிக்கும் தனிப் பூட்டு, அந்தப் பூட்டை விடுவிக்க இன்னொரு நூல். பத்துக் கிலோ பெட்டியில் அரைக் கிலோ டிஷ் ஒரு பக்கம் திரும்பினால் பெட்டி மறுபக்கம் திரும்பும், அதையும் யாராவது அடக்க வேண்டும்.

இதில் என்னை உண்மையாகவே பயமுறுத்துவது மசகு. விண்வெளியில் சாதாரண கிரீஸ் ஆவியாகிப்போய்க் கேமராக் கண்ணாடியில் படியும். அதனால் பல இடங்களில் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற உலர் படலத்தைப் பூசுகிறார்கள். வெற்றிடத்தில் அது அருமையாக வழுக்கும். ஈரக் காற்றில் ஓட்டினால் வேகமாகத் தேயும். யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான தடவை ஓட வேண்டிய பொறி, அதனால் தரையில் நிறையச் சோதிக்க வேண்டும். ஆனால் நம் தீவின் காற்றில் சோதிக்கச் சோதிக்க அதன் ஆயுள் குறையும். உலர்ந்த நைட்ரஜன் நிரப்பிய அறை இருந்தால் தப்பிக்கலாம். பிள்ளைகளிடம் இருப்பது ஒரு வகுப்பறையும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும்.

கிம்பல் வேண்டிய இடமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 8,062 கிலோமீட்டரில் சுற்றும் ஓ3பி தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு சிறிய டிஷ்கள், ஒவ்வொன்றும் தன் மோட்டாரில் தனியாகத் திரும்பும். 2013 முதல் அவை பறக்கின்றன. ஒரு டிஷ் ஒரு தீவைப் பார்க்கும், அடுத்தது வேறொரு கப்பலைப் பார்க்கும். ஒரே நேரத்தில் பன்னிரண்டு இடத்தைப் பார்க்க உடம்பைத் திருப்பிப் பயனில்லை. ரொட்ரிக்ஸிடமும் அகலேகாவிடமும் ஒரே நொடியில் வேகமாகப் பேச வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டிருந்தால் நானும் கிம்பல் பக்கம்தான் நின்றிருப்பேன். அவர்கள் கேட்பது அதுவல்ல. சேகரிக்கும் நேரத்தில் அகலக் கற்றையுள்ள நாடா ஆன்டெனா எல்லாத் தீவுகளையும் சேர்த்தே கேட்கும். வேகமாகப் பேச வேண்டியது மொரீஷியஸ் என்ற ஒரே இடத்தோடு, அதுவும் பத்து நிமிடம்.

எதையும் அசைக்காமல் மின்னணுவாலேயே கற்றையைத் திருப்பும் ஃபேஸ்டு அரே பற்றியும் கேட்டாள். முதல் தலைமுறை இரிடியம் என்ற தொலைபேசித் தொகுதியின் 66 செயற்கைக்கோள்களும் பயனர்களோடு அப்படித்தான் பேசின, ஒவ்வொன்றிலும் 48 கற்றைகள். ஓ3பியின் அடுத்த தலைமுறையும் மோட்டாரை விட்டுவிட்டு இதற்கே மாறிவிட்டது. பெரியவர்களுக்கு இதுதான் வரப்போகும் காலம் என்று நானும் நம்புகிறேன். நம் பெட்டியின் சூரியத் தகடு தரும் சில வாட் மின்சாரத்தில், நிறையப் பெருக்கிகளுக்குத் தீனி போட்டு, அவை கக்கும் வெப்பத்தையும் வெளியேற்றுவது நடக்காத காரியம்.

ஆக, உடம்பைத் திருப்புவது. படம் எடுக்கக் கேமராவைக் குறிபார்க்க வேண்டும் என்பதற்காகப் பெட்டிக்குள் ஏற்கெனவே மூன்று சுழல்சக்கரங்கள் வைத்திருக்கிறார்கள். சக்கரம் ஒரு பக்கம் சுழன்றால் பெட்டி மறுபக்கம் திரும்பும். இந்த அளவுப் பெட்டியை நொடிக்கு ஒரு பாகை திருப்புவது அவற்றுக்குப் பெரிய சுமை இல்லை, நமக்கு வேண்டியது 0.87. மூடிய உறைக்குள் இருக்கும் சக்கரங்கள் என்பதால் அவற்றின் மசகைப் பற்றிச் செய்தவர் கவலைப்பட்டுவிட்டார். அந்தப் பத்து நிமிடம் சூரியத் தகடு சூரியனைப் பார்க்காது, கேமராவும் சும்மா இருக்கும். பேட்டரியில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும், இந்த வழியின் உண்மையான விலை அதுதான்.

குறி எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்? 8.2 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3.7 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் பலகையின் கற்றை சுமார் எட்டரை பாகை அகலம். பெட்டி ஒரு பாகை பிசகினாலும் தரையில் யாருக்கும் தெரியாது. ரெயின்கியூப் மாதிரி 35 கிகாஹெர்ட்ஸில் அரை மீட்டர் குடை என்றால் கற்றை 1.2 பாகைதான். அதே ஒரு பாகைப் பிசகில் பேச்சே அறுந்துவிடும். முதல் செயற்கைக்கோள் செய்யும் பிள்ளைகளுக்கு, தவறைப் பொறுத்துக்கொள்ளும் ஆன்டெனாதான் வேண்டும்.

உடம்பைத் திருப்புவது நம் தீவுக்குப் புதிதும் இல்லை. பிரா தோ காட்டில் 1992இல் வேலை தொடங்கிய ரேடியோ தொலைநோக்கியின் கிழக்கு மேற்குக் கையில் 1,024 சுருள் ஆன்டெனாக்கள் இரண்டு கிலோமீட்டருக்கு வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றுகூட வானத்தைத் தேடித் திரும்பவில்லை. பூமி சுழன்றது, வானம் தானே அவற்றின் முன்னால் வந்தது. மோட்டார் இல்லாத அந்த ஆன்டெனாக்களைக் கொண்டே தென்வானத்தின் வரைபடம் போட்டார்கள்.

2021 ஜூன் 22 அன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் கிபோ கூடத்திலிருந்து வெளியே விடப்பட்ட நம் நாட்டின் முதல் செயற்கைக்கோள் மிர்சாட்-1 வெறும் 10 சென்டிமீட்டர் கனசதுரம். அந்த வகைப் பெட்டிகளுக்கு, வெளியே விட்டபின் குறைந்தது முப்பது நிமிடம் எதையும் விரிக்கக் கூடாது என்று விதி. அந்த முப்பது நிமிடம் கீழே காத்திருப்பவர்களின் மனநிலையை நினைத்துப் பார்த்துத்தான் தங்கை மகளிடம் என் முடிவைச் சொன்னேன். சேகரிக்க நாடா ஆன்டெனா, இறக்க இரண்டு கீல்களில் திறக்கும் ஒரு பலகை, இரண்டையும் விடுவிக்கத் தனித்தனி நூல், ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு ரெசிஸ்டர், குறிபார்க்கப் பெட்டியின் சக்கரங்களே போதும். பலகை திறக்காமல் போனால்கூட நாடா வழியாகக் கடல்மட்ட அளவுகள் வந்துகொண்டிருக்கும், படங்கள் மட்டும்தான் போகும். நாடா விரியாமல் பலகை திறந்தால் பெட்டி உயிரோடிருப்பதாவது தெரியும். குடையும் கிம்பலும் கொண்ட அவர்கள் வரைபடத்தில் இந்த இடைநிலையே இல்லை.

அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "பலகைன்னா ரொம்பச் சாதாரணமா இருக்கே மாமா, யாரு காசு குடுப்பா?" என்றாள். நியாயமான கவலை. குடையை விடவேண்டாம், இரண்டாவது செயற்கைக்கோளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் உலர் அறை ஒன்றுக்கு வழி தேடுவோம் என்றேன். கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், கீலைத் தாண்டிப் போகும் கேபிளைக் காட்டி, "இது குளிர்ல விறைச்சா ஸ்பிரிங் தள்ளுமா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் அவளை மெச்சிக்கொண்டேன். நான் கவனிக்காமல் விட்டிருந்தது அது. இத்தகைய பொறிகளுக்கு, எதிர்க்கும் விசையையெல்லாம் தாராளமாகக் கூட்டி, அதற்கும் மேல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளும் விசை வேண்டும் என்பது கணக்கு. அறை வெப்பத்தில் எங்கள் ஸ்பிரிங்குக்கு அந்த இரண்டு மடங்கு இருக்கிறது. பூமியின் நிழலில் கேபிளின் உறை விறைக்கும்போது இருக்குமா என்பதை அளந்தால்தான் தெரியும். போர்ட் லூயியில் மீன் குளிர்கிடங்கு ஒன்றில் அவள் நண்பனின் அப்பா வேலை செய்கிறார். அங்கே ஓர் அறை பூஜ்யத்துக்குக் கீழே இருபது பாகையில் இருக்கிறதாம். மேலே இருக்கும் குளிருக்கு அது பாதிதான், ஆனாலும் கேபிள் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும். கீல், கேபிள், விசை அளக்கும் சிறிய தராசு மூன்றையும் ஒரு பெட்டியில் வைத்து, ஈரம் படியாமல் பிளாஸ்டிக் உறையில் கட்டி, வரும் சனிக்கிழமை காலை எடுத்துக்கொண்டு போகிறோம்.